தொடாமலே சுடும் மின்வில்

இரவு நேரத்தில் மின்சார இரயில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூரைமேல் உள்ள சட்டம் மேல்கம்பியை உரசிச் செல்லும் இடத்தில் திடீரென்று நீலநிற ஒளி ஒன்று பளிச்சிடும். இமைக்கும் நேரத்தில் அது மறைந்துவிடும். பிளாட்பாரத்தில் நிற்கும் நமக்கு அது ஒரு வேடிக்கை. அந்த ஒளிக்குத்தான் மின்வில் என்று பெயர். சட்டத்திற்கும் கம்பிக்கும் இடையே ஒரு நொடியின் சிறு பகுதி தோன்றி அணையும் இந்த வில்லால் பெரிய தீங்கில்லை. இதே வில் ஒரு தொழிலாளியின் முகத்திற்கு எதிரே, அணையாமல் ஒரு நொடி நின்றுவிட்டால் என்ன ஆகும்?

மின்சாரத்தின் ஆபத்து என்றதும் நம் நினைவுக்கு வருவது 'ஷாக்' எனப்படும் மின்அதிர்ச்சிதான். கம்பியைத் தொட்டால் ஆபத்து, தொடாவிட்டால் ஆபத்தில்லை என்று சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். ரப்பர் கையுறை, மரப்பலகை, ரப்பர் விரிப்பு ஆகிய பாதுகாப்புகள் எல்லாம் இந்தப் பாடத்திலிருந்து பிறந்தவையே. ஆனால் மின்வில் எந்தக் கம்பியையும் தொடாதவனையும் சுடும். கையுறை அணிந்து, ரப்பர் விரிப்பின்மேல் நின்று, எல்லா விதிகளையும் கடைப்பிடித்து வேலை செய்தவனும் தீப்புண்ணோடு மருத்துவமனைக்குப் போக நேரிடும். மின்சார இரயில் தோன்றிய நாளிலிருந்தே இந்த ஆபத்து உண்டு. எனினும் அதை அளந்து எண்ணாகச் சொல்ல ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த நூற்றாண்டின் கதையை இக்கட்டுரையில் காண்போம்.

வில் பிறந்த கதை

1800இல் வோல்ட்டா மின்னடுக்கை உருவாக்கினார். வேதிவினையால் தொடர்ந்து மின்னோட்டம் பெறும் வழி அப்போதுதான் மனிதனுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1802இல், ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாசிலி பெத்ரோவ் என்னும் பேராசிரியர் மிகப்பெரிய மின்னடுக்கு ஒன்றைச் செய்தார். அதன் இரு முனைகளிலும் கரித்துண்டுகளை இணைத்து, அவற்றை நெருக்கிப் பிடித்தபோது கண்ணைக் கூசச்செய்யும் வெண்ணிற ஒளி எழுந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் ராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி 2,000 தட்டு இணைகள் கொண்ட மின்னடுக்கைக் கொண்டு இதே காட்சியைப் பொதுமக்கள் முன் நடத்திக் காட்டினார். கரித்துண்டுகளைக் கிடைமட்டமாக வைத்து மெல்ல விலக்கியபோது, இடையிலிருந்த ஒளிப்பிழம்பு சூடான காற்றோடு மேலெழும்பி வில்போல் வளைந்தது. 'வில்' என்னும் பெயர் இப்படி வந்ததுதான்.

காற்று மின்கடத்தாப் பொருள் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் காற்றின் வழியே மின்னோட்டம் செல்வது எப்படி? தொட்டுக்கொண்டிருக்கும் இரு முனைகளைப் பிரிக்கத் தொடங்கும்போது, கடைசியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு புள்ளியின் வழியாகவே முழு மின்னோட்டமும் பாய வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளி கடுமையாகச் சூடேறி ஆவியாகிறது. ஆவியும் சுற்றியுள்ள காற்றும் அயனிகளாகவும் எலெக்ட்ரான்களாகவும் பிரிகின்றன. அயனியாகிப் போன காற்று இப்போது நல்ல கடத்தி. மின்னோட்டம் அதைச் சூடாக்குகிறது. சூடு அதை மேலும் அயனியாக்குகிறது. வில் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

இந்த நடத்தையைத் துல்லியமாக ஆராய்ந்தவர் ஹெர்த்தா அயர்ட்டன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. 1899இல் இலண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தின் முதல் பெண் உறுப்பினரானவர் இவர். 'மின்வில்' என்ற பெயரில் 1902இல் இவர் வெளியிட்ட நூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று. வில்லில் மின்னோட்டம் மிகும்போது அதற்குத் தேவையான மின்னழுத்தம் குறைகிறது என்பதை இவர் அளவுகளால் நிறுவினார். சாதாரணக் கம்பி ஓம் விதிப்படி நடக்கும். அதிக மின்னோட்டம் வேண்டுமானால் அதிக மின்னழுத்தம் தரவேண்டும். வில்லோ தலைகீழானது. மின்னோட்டம் பெருகப் பெருக அதன் மின்தடை விழுகிறது. ஆகையால் அது மேலும் மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்சுற்றின் மற்றப் பகுதி தடுத்தால் ஒழிய அது தானாக நிற்பதில்லை.

இரயிலில் வில் ஏன் அணைய மறுக்கிறது?

1879இல் பெர்லின் கண்காட்சியில் வெர்னர் சீமன்ஸ் தம் சிறிய மின்சார இரயிலை ஓட்டிக் காட்டினார். அதற்குத் தரப்பட்டது 150 வோல்ட்டு. 1890இல் இலண்டனில் நிலத்தடிச் சுரங்க இரயில் 500 வோல்ட்டில் ஓடத் தொடங்கியது. 1895இல் நமது சென்னையிலும் மின்சார டிராம் வந்துவிட்டது. இவை எல்லாம் நேர்த்திசை மின்னோட்டத்தில் இயங்கியவை. தொடக்கத்தில் பெரும் இழுவிசையும் பிறகு வேகமும் தரக்கூடிய மோட்டார் அன்று நேர்த்திசை மின்னோட்டத்திற்கே கிடைத்தது. உலகின் மெட்ரோ இரயில்களில் பெரும்பாலானவை இன்றும் 600 முதல் 1,500 வோல்ட்டு வரையிலான நேர்த்திசை மின்னோட்டத்திலேயே ஓடுகின்றன.

நேர்த்திசை மின்னோட்டத்தில் தோன்றும் வில்லை அணைப்பது கடினம். வீட்டில் நாம் பயன்படுத்தும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் வில் ஒரு கணம் பசித்துச் சோர்கிறது. அந்தக் கணத்தில் அதைக் குளிரச்செய்தால் அணைந்துவிடும். நேர்த்திசை மின்னோட்டத்தில் அந்தக் கணமே கிடையாது. போதாக்குறைக்கு, மோட்டாரின் கம்பிச்சுருளுக்குத் தன்மின்தூண்டல் உண்டு. மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்த முயன்றால், லென்சு விதிப்படி, அது நிறுத்தத்தை எதிர்த்துத் தன் காந்தப்புலத்தில் சேமித்த ஆற்றலையெல்லாம் இடைவெளியில் கொட்டுகிறது. சுவிட்சைப் பிரிப்பவன் கைக்கு எதிரேதான் அது கொட்டும்.

மோட்டார்மேனுக்கு முன்னால்

அந்நாளைய டிராம் வண்டியில் மோட்டார்மேன் எங்கே நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். வண்டியின் முகப்பில், இடுப்பளவு உயரமுள்ள இரும்புப் பெட்டி ஒன்றின் முன் நின்றார். அதன் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் மோட்டாருக்குச் செல்லும் முழு மின்னோட்டமும் அந்தப் பெட்டிக்குள் முறிந்து, மீண்டும் சேர்ந்தது. அதாவது, நாள்தோறும் நூற்றுக்கணக்கான சிறு வில்கள் அவருடைய வயிற்றுக்கு எதிரே பிறந்து மடிந்தன.

இதற்கு முதல் மருந்து கண்டவர் எலிஹு தாம்சன். காந்தப்புலத்தில் உள்ள கடத்தியின்மீது விசை செயற்படும் என்ற பிளெமிங்கின் இடக்கை விதியை மாணவர்கள் அறிவார்கள். வில்லும் மின்னோட்டம் பாயும் ஒரு கடத்திதான். எனவே அதன் அருகே காந்தப்புலத்தை உண்டாக்கினால் வில் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, நீண்டு, மெலிந்து, குளிர்ந்து அறுந்துவிடும். ஊதி அணைப்பதுபோல் இது வேலை செய்வதால் 'காந்த ஊதி' என்று இதனைச் சொல்லலாம். 1880களில் தோன்றிய இந்த உத்தி டிராம் வண்டிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் விரைவில் இடம்பெற்றது. துணைமின்நிலையங்களில் உள்ள நேர்த்திசை மின்துண்டிப்பான்களில் இன்றும் இதே தத்துவம்தான் இருக்கிறது. வில்லை மேல்நோக்கித் தள்ளி, தகடுகள் அடுக்கிய கூண்டுக்குள் புகுத்தி, பல துண்டுகளாக வெட்டிக் குளிர்விக்கிறார்கள்.

இரண்டாவது மருந்து, வில்லை மனிதனிடமிருந்து தள்ளி வைப்பது. 1897இல் அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஸ்பிரேக் சிகாகோ இரயிலுக்காக ஒரு புதுமுறையை வகுத்தார். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அதற்கெனத் தனி மோட்டாரும் தனி இணைப்புக் கருவியும் இருக்கும். ஓட்டுநர் அறையிலிருந்து செல்வது, அவற்றுக்குக் கட்டளையிடும் மெல்லிய கம்பி மட்டுமே. பல பெட்டிகளை ஒரே கையால் ஓட்டுவதற்காகவே ஸ்பிரேக் இதைச் செய்தார். ஆயினும் இதனால் பெருமின்னோட்டம் ஓட்டுநரின் அறையை விட்டு வெளியேறியது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இரு விபத்துகள் உணர்த்தின. 1901 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் மேம்பால இரயிலில், டிங்கிள் சுரங்க நிலையத்தை நெருங்கிய வண்டியின் மோட்டார் பழுதுற்றது. அதில் எழுந்த வில் மரப்பெட்டிகளைப் பற்றிக்கொண்டது. இரயில்வே ஊழியர் உட்பட ஆறு பேர் இறந்தனர். 1903 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் மெட்ரோவில் ஒரு வண்டியின் மோட்டார்ப் பகுதியில் மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. சுரங்கம் முழுதும் புகை சூழ்ந்து, விளக்குகளும் அணைந்துபோக, 84 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கூரோன் நிலையத்தில் வழி தெரியாமல் மூச்சுத்திணறி இறந்தவர்கள். இதன் பிறகு பாரிஸ் மெட்ரோ, பெருமின்னோட்டக் கம்பிகளை ஓட்டுநர் அறைக்குக் கொண்டுவரும் பழைய முறையைக் கைவிட்டு ஸ்பிரேக்கின் முறைக்கு மாறியது. மரக்கட்டுமானத்தின் இடத்தை உலோகம் பிடித்தது. விளக்குகளுக்குத் தனி மின்சுற்று வந்தது.

மூன்றாவது தண்டவாளம்

வண்டிக்குள் இருப்பவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு வந்தது. பாதையில் வேலை செய்பவர்களின் நிலை என்ன? நிலத்தடி இரயில்களில் மேல்கம்பிக்கு இடம் குறைவு. ஆகவே ஓடுபாதையின் பக்கத்திலேயே மூன்றாவதாக ஒரு தண்டவாளத்தைப் பதித்து, அதில் மின்சாரத்தை விட்டார்கள். வண்டியின் அடியில் உள்ள 'ஷூ' எனப்படும் உலோகத் தகடு அதன்மேல் உரசி மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. 1904இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க இரயிலில் இத்தண்டவாளத்தின் மின்னழுத்தம் 625 வோல்ட்டு.

கட்டை மாற்றுபவர், மறை முடுக்குபவர், கம்பி பழுதுபார்ப்பவர் எல்லோரும் இதற்கு ஒரு முழத்திற்குள்தான் வேலை செய்ய வேண்டும். கையில் இருப்பதோ இரும்புக் கடப்பாரையும் ஸ்பானரும். கடப்பாரை தவறிப்போய் மூன்றாவது தண்டவாளத்தையும் ஓடுதண்டவாளத்தையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால், பல ஆயிரம் ஆம்பியர் அதன் வழியே பாய்கிறது. தொடும் முனைகள் ஆவியாகி வெடிக்கின்றன. செம்பு திண்ம நிலையிலிருந்து ஆவியாகும்போது அதன் பருமன் ஏறக்குறைய 67,000 மடங்கு பெருகும் என்பது கணக்கு. நீர் நீராவியாகும்போது பெருகுவதோ சுமார் 1,700 மடங்குதான். எனவே வில் என்பது வெறும் ஒளியும் வெப்பமும் அன்று. அது உருகிய உலோகத்தைத் தெளிக்கும் ஒரு வெடி. அதில் வரும் புறஊதாக் கதிர்கள் கண்ணைத் தாக்கும். அதன் ஓசை காதைத் தாக்கும்.

இந்த ஆபத்தைக் குறைக்க நான்கு வழிகள் தோன்றின. முதலாவது, தண்டவாளத்தை மூடுவது. நியூயார்க்கில் அதன்மேல் பலகைக் கூரை அமைத்தார்கள். வில்லியம் வில்கஸ் என்பவரும் ஸ்பிரேக்கும் சேர்ந்து, ஷூ அடிப்பக்கத்திலிருந்து தொடும் வகையில் தண்டவாளத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மேற்புறத்தையும் பக்கங்களையும் மூடும் அமைப்பை உருவாக்கினார்கள். 1906இல் நியூயார்க் மத்திய இரயில்பாதையில் இது பயனுக்கு வந்தது. மேலிருந்து விழும் கருவி மின்சாரத்தைத் தொடாது என்பது இதன் சிறப்பு. 2011இல் ஓடத் தொடங்கிய பெங்களூர் மெட்ரோவின் 750 வோல்ட்டுத் தண்டவாளமும் இவ்வாறு அடிப்புறம் தொடும் வகையைச் சேர்ந்ததே.

இரண்டாவது, மின்சாரத்தைப் பாதையிலிருந்தே நிறுத்தும் வசதி. நியூயார்க் சுரங்கங்களில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாக நீல விளக்குகள் எரிகின்றன. அதன் அடியிலுள்ள பெட்டியின் பிடியை இழுத்தால் அப்பகுதியின் மின்சாரம் நின்றுவிடும். பக்கத்தில் தொலைபேசியும் இருக்கும். இலண்டன் சுரங்கங்களில் இன்னும் எளிய ஏற்பாடு இருந்தது. சுவரோடு இரண்டு வெற்றுக் கம்பிகள் அருகருகே ஓடின. ஓட்டுநர் சன்னல் வழியே கையை நீட்டி அவ்விரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். தண்டவாளத்தின் மின்சாரம் துண்டிக்கப்படும்.

மூன்றாவது, மின்சாரம் நின்றதை உறுதிசெய்வது. "நிறுத்திவிட்டோம்" என்று தொலைபேசியில் கேட்ட சொல்லை நம்பி யாரும் தண்டவாளத்தைத் தொடக்கூடாது. முதலில் சோதனைக் கருவியால் பார்க்கவேண்டும். பிறகு, இரு தண்டவாளங்களையும் இணைக்கும் கட்டையான உலோகச் சட்டம் ஒன்றை நீண்ட மின்காப்புக் கைப்பிடியால் வைக்கவேண்டும். யாராவது தவறுதலாக மின்சாரத்தைத் திருப்பிவிட்டாலும் அது அந்தச் சட்டத்தின் வழியே பாய்ந்து துண்டிப்பானைத் தட்டிவிடும். தொழிலாளியின் உடல் வழியே பாயாது. சோதிக்காமல் சட்டத்தை வைத்தால், மின்சாரம் இருந்துவிட்டால், அந்தச் சட்டமே வில்லைக் கொளுத்தும். முறை மாறினால் காவலனே பகைவன் ஆவான்.

நான்காவது, துண்டிப்பானின் வேகம். அமெரிக்காவின் மில்வாக்கி இரயில்பாதை 1914க்கும் 1920க்கும் இடையே 3,000 வோல்ட்டு நேர்த்திசை மின்னோட்டத்திற்கு மாறியது. இத்தகைய பாதைகளின் தேவையால் அதிவேகத் துண்டிப்பான்கள் உருவாயின. இவை மின்னோட்டம் உச்சத்தை அடையும் முன்பே, நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில், பிரியத் தொடங்கும்.

ஆனால் இங்கே இரயிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பல பெட்டிகள் கொண்ட மெட்ரோ வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது சில ஆயிரம் ஆம்பியர் இழுப்பது இயல்பு. அந்த அளவில் துண்டிப்பான் பிரிந்துவிட்டால் எந்த வண்டியும் கிளம்பாது. இப்போது, துணைமின்நிலையத்திலிருந்து வெகு தொலைவில் ஒரு தொழிலாளியின் எதிரே வில் எரிகிறது என்று வையுங்கள். நீண்ட தண்டவாளத்தின் மின்தடையும் வில்லின் மின்தடையும் சேர்ந்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். துண்டிப்பானின் கண்ணுக்கு எரியும் வில்லும் கிளம்பும் வண்டியும் ஒன்றுபோலவே தெரியும். அது சும்மா இருந்துவிடும். வில் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பின்வந்த பொறியாளர்கள் மின்னோட்டத்தின் அளவோடு அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் அளக்கும் கருவிகளைச் சேர்த்தார்கள். வண்டி படிப்படியாக மின்னோட்டத்தை ஏற்றும். பழுதோ பாய்ந்து ஏறும். இந்த வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிகிறார்கள்.

எண்ணாக மாறிய தீப்புண்

இவ்வளவு ஏற்பாடுகள் வந்த பிறகும் ஒரு கேள்விக்கு விடை இல்லை. வில்லிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றால் தோல் தப்பும்? மின்அதிர்ச்சியைப் பற்றிய அளவுகள் அதற்குள் வந்துவிட்டன. கலிபோர்னியாவில் சார்லஸ் டால்சியல், எத்தனை மில்லிஆம்பியர் பாய்ந்தால் மனிதனால் கையை விடுவிக்க முடியாது என்பதை 1940களிலேயே ஆராய்ந்தார். தீப்புண்ணுக்கு அத்தகைய கணக்கு மின்பொறியாளரிடம் இல்லை.

அந்தக் கணக்கு மருத்துவத்திலிருந்தும் கடற்படை ஆய்விலிருந்தும் வந்தது. 1947இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர், தோலின் அழிவு வெப்பநிலையை மட்டுமன்றி நேரத்தையும் பொறுத்தது என்று காட்டினர். 44 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தோல் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாங்கும். 60 டிகிரியிலோ சில நொடிகளில் வெந்துவிடும். 1969இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டோல், மரியா சியாண்டா என்னும் பெண்மணிகள் இருவர் திடீர் வெப்பத்திற்குத் தோல் தாங்கும் எல்லையை வரையறுத்தனர். தீயில் சிக்கும் விமானிகளின் உடையைச் சோதிப்பதே அவர்கள் நோக்கம். அவர்களுடைய ஆய்வு வழியே வந்த எல்லை: ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 1.2 கலோரி வெப்பம் விழுந்தால் கொப்புளம் எழும் இரண்டாம் நிலைத் தீப்புண் தொடங்கும்.

1.2 கலோரி என்பது மிகச் சிறிதாகத் தோன்றும். ஒரு கிராம் நீரை 1.2 டிகிரி மட்டுமே சூடாக்கும் அளவு அது. அது எப்படித் தோலை வேகவைக்கும்? வெப்பம் தோலுக்குள் மெதுவாகவே இறங்குகிறது. ஒரு நொடியில் அது எட்டும் ஆழம் தோராயமாக 0.3 மி.மீ. ஒரு சதுர சென்டிமீட்டரில் அந்த மெல்லிய அடுக்கின் எடை 0.03 கிராம்தான். 1.2 கலோரியும் அதற்குள் அடங்கினால் வெப்பநிலை 40 டிகிரி உயரும். தோலின் இயல்பான 32 டிகிரி, 72 டிகிரி ஆகிவிடும். மோரிட்ஸ் கண்ட அளவோடு இதை ஒப்பிட்டால் விளைவு விளங்கும்.

இந்த மருத்துவ அறிவையும் வில்லின் இயற்பியலையும் இணைத்தவர் அமெரிக்க மின்பொறியாளர் ரால்ப் லீ. 1982இல் அவர் எழுதிய கட்டுரைக்கு 'மற்றொரு மின்ஆபத்து' என்ற பொருள்படத் தலைப்பு வைத்தார். அதிர்ச்சியை எல்லோரும் அறிவார்கள். மற்றது ஒன்று உண்டு என்பதே அவர் சொல்ல வந்த செய்தி. வில்லின் முனைகளில் வெப்பநிலை 20,000 கெல்வின்வரை எட்டலாம் என்றார் அவர். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். வில்லின் ஆற்றல் கோளவடிவில் பரவுவதாகக் கொண்டு, எந்தத் தொலைவில் தோல் கருகும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அதேபோன்ற கணக்கு ஒன்றை நாமும் போட்டுப் பார்ப்போம். 750 வோல்ட்டுப் பாதையில் ஒரு வில் எரிகிறது. வில்லின் குறுக்கே 250 வோல்ட்டு, அதில் பாயும் மின்னோட்டம் 10,000 ஆம்பியர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்க 25 இலட்சம் வாட்டு. துண்டிப்பான் நொடியில் பத்தில் ஒரு பங்கில் பிரிந்தால் வெளிப்படும் ஆற்றல் 2,50,000 ஜூல், அதாவது ஏறக்குறைய 60,000 கலோரி. தொழிலாளியின் முகம் 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த ஆரமுள்ள கோளத்தின் பரப்பு சுமார் 45,000 சதுர செ.மீ. வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.3 கலோரி. தீப்புண்ணின் வாசலில் நிற்கிறார் அவர்.

இப்போது துண்டிப்பான் ஒரு முழு நொடி தாமதித்தால்? 13 கலோரி. உயிருக்கே ஆபத்தான அளவு. மாறாக, துண்டிப்பான் அதே பத்தில் ஒரு நொடியில் பிரிந்து, தொழிலாளி இருமடங்கு தொலைவில், 120 செ.மீ.இல் நின்றிருந்தால்? நான்கில் ஒரு பங்கு, அதாவது 0.33 கலோரிதான், முகம் தப்பிவிடும். துணிச்சலும் அனுபவமும் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரமும் தொலைவுமே உயிரைத் தீர்மானிக்கின்றன. வில் திறந்த வெளியில் இல்லாமல் மூன்று பக்கமும் அடைத்த இரும்புப் பெட்டிக்குள் எழுந்தால், திறந்த முகப்பின் வழியே வெப்பம் குவிந்து வெளிவரும். எனவே சுவிட்சுப் பலகையின் நேர் எதிரே நிற்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எண் விதியானது

எண் கிடைத்தால்தான் விதி எழுத முடியும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வேலைத்தள மின்பாதுகாப்புக்கான '70-ஈ' என்னும் விதித்தொகுப்பை 1979இல் முதன்முதலாக வெளியிட்டது. 1995ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வில்லுக்கென்று ஓர் எல்லைக்கோடு வரையறுக்கப்பட்டது. 2002இல் அந்நாட்டு மின், மின்னணுப் பொறியாளர் நிறுவனம் '1584' என்ற கணக்கீட்டு வழிகாட்டியை வெளியிட்டது. பல நூறு சோதனை வில்களை எரித்து, அளந்து எழுதப்பட்ட வழிகாட்டி அது.

இங்கேயும் இரயில் தொழிலாளி வரிசையின் கடைசியில்தான் நின்றார். அந்த வழிகாட்டி 15,000 வோல்ட்டு வரையிலான மும்முனை மாறுதிசை மின்சாரத்திற்கு மட்டுமே பொருந்தும். மெட்ரோவின் 750 வோல்ட்டு நேர்த்திசை மின்னோட்டமும் அதில் அடங்காது. பெரும் இரயில்பாதைகளின் 25,000 வோல்ட்டு ஒருமுனை மின்சாரமும் அடங்காது. நேர்த்திசை வில்லின் ஆற்றலைக் கணக்கிடும் முறைகள் 2010இல்தான் ஆய்வுக்கட்டுரைகளாக வெளிவந்தன. 2012ஆம் ஆண்டு '70-ஈ' பதிப்பில் அவை இடம்பெற்றன. மின்சார இரயில் ஓடத் தொடங்கி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கடைசிக் கவசம்

எல்லாம் தவறிப்போனால் உடம்பின்மேல் இருக்கும் துணிதான் கடைசிக் கவசம். பாலியெஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோலை உரித்துத்தான் அவற்றை எடுக்க வேண்டும். பருத்தி உருகாது, ஆனால் பற்றிக்கொண்டு, வில் அணைந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். வில்லைவிட எரியும் சட்டையாலேயே பலத்த தீப்புண் பட்டவர் பலர். 1960களில் வந்த நோமெக்ஸ் போன்ற அராமிட் இழைகள் உருகுவதுமில்லை, தொடர்ந்து எரிவதுமில்லை. சூட்டில் அவை கரியாகித் தடித்து, தோலுக்கும் நெருப்புக்கும் இடையே தடுப்பாகின்றன. வேதிப்பொருள்களால் பதப்படுத்திய பருத்தியும் இதற்குப் பயன்படுகிறது.

இத்தகைய உடைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி என்று தர எண் உண்டு. 8 கலோரி உடை என்றால் 8 கலோரி வரை ஒன்றும் ஆகாது என்று நினைக்கக்கூடாது. அந்த அளவு வெப்பத்தில் அணிந்தவருக்குத் தீப்புண் ஏற்பட பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். இரயில் தொழிலாளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டி ஓட்டுநரின் கண்ணில் படுவதற்காக அவர் பளிச்சென்ற மேற்சட்டை அணிகிறார். அது சாதாரணச் செயற்கை இழையானால், வண்டியிலிருந்து காக்கும் சட்டையே வில்லில் உருகிவிடும். அதனால் அதையும் தீத்தாங்கும் துணியில் செய்ய வேண்டியதாயிற்று. தடித்த முழுக்கவச உடையோ சுரங்கத்தின் புழுக்கத்தில் மனிதனைத் தளரவைக்கிறது. தளர்ந்தவன் கை தவறும்.

நம் நாட்டில்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபோது அது 1,500 வோல்ட்டு நேர்த்திசை மின்னோட்டத்தில் ஓடியது. 1960களில் அது 25,000 வோல்ட்டு மாறுதிசை மின்சாரத்திற்கு மாறியது. 2015இல் வந்த சென்னை மெட்ரோவும் 25,000 வோல்ட்டு மேல்கம்பியையே பயன்படுத்துகிறது. 1984இல் தொடங்கிய கல்கத்தா மெட்ரோ 750 வோல்ட்டு மூன்றாவது தண்டவாளத்தில் ஓடுகிறது.

25,000 வோல்ட்டுக் கம்பியை நெருங்கினாலே போதும், தொட வேண்டியதில்லை. சில சென்டிமீட்டர் இடைவெளியை மின்பொறி தாண்டும். தாண்டிய பொறியின் பின்னே வில் தொடரும். ஓடாமல் நிற்கும் பெட்டியின் கூரைமேல் ஏறியவர்கள் கருகியதன் காரணம் இதுதான். இந்திய இரயில்வே விதிப்படி, மின்சாரமுள்ள மேல்கம்பியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் எந்த வேலையும் செய்யக்கூடாது. செய்யவேண்டுமானால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும். வேலைத்தளத்தின் இருபுறமும் நீண்ட கோல்களால் கம்பியைத் தண்டவாளத்தோடு இணைத்து எர்த் செய்யவேண்டும். பக்கத்துப் பாதையின் கம்பியில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம், நிறுத்தப்பட்ட கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஆகையால் "மின்சாரம் நின்றுவிட்டது" என்பதும் "கம்பி உயிரற்றது" என்பதும் ஒன்றல்ல.

இந்த நூறாண்டுக் கதை நமக்குத் தரும் பாதுகாப்பின் வரிசை இதுதான்: முதலில் மின்சாரத்தை நிறுத்து; நின்றதைச் சோதி; எர்த் செய்; முடியாத இடத்தில் தொலைவில் நின்று இயக்கு; துண்டிப்பானை வேகமாக்கு; இவை எல்லாவற்றுக்கும் பிறகே கவச உடை. உடையை வாங்கிக் கொடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை வாங்குவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

மின்சாரத்தை நிறுத்தினால் வண்டிகள் நிற்கும். வண்டிகள் நின்றால் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க வேண்டும். அதனால்தான் பழுதுபார்க்கும் வேலையெல்லாம் கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் இடைப்பட்ட குறுகிய இரவு நேரத்தில் அடைக்கப்படுகிறது. அதற்குள் முடியாதபோது, சோதிப்பதற்கும் எர்த் செய்வதற்கும் ஆகும் சில நிமிடங்களைச் சுருக்கும் ஆசை எழுகிறது. வில் எரியும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கா, முழு நொடியா என்பது பொறியாளரின் கையில் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களோ பயணிகளாகிய நம் பொறுமையிலும் இருக்கிறது. "பராமரிப்புப் பணி காரணமாக வண்டி தாமதமாகப் புறப்படும்" என்று அடுத்த முறை ஒலிபெருக்கி சொல்லும்போது, அந்தத் தாமதத்திற்குள் யாரோ ஒருவர் கம்பியைத் தொடும் முன் அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.